கடல் கொண்டவையும் கொள்வனவும்

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் கிழக்குப் பகுதியைக் கடல் கொண்டு பல தலைமுறைகள் ஆகிவிட்டன. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. அக்காலக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. எஞ்சிய பகுதியைப் புதுப்பித்து, கரையில் கருங்கற்களைக் கொட்டி அரண் செய்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர் அங்கு சென்றிருந்தபோது ஒரு விவாதம் மூண்டது. புகாரைக் கொண்ட அதே கடல்கோள்தான் இதுவும் என்றார் ஒருவர். புவி வெப்பமடைந்து கடல் மட்டம் உயர்வதன் விளைவு என்றார் மற்றொருவர். 2004 ஆழிப்பேரலையை நினைவூட்டினார் மூன்றாமவர். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க தாத்தா காலத்துல அந்தக் கல்லுக்கு அந்தாண்ட வல காயப்போட்டாங்க தம்பி" என்று கடலுக்குள் ஓரிடத்தைக் காட்டினார். அவர் எக்காரணத்தையும் சொல்லவில்லை. இருட்டும் வரை முடியாத அவ்விவாதத்தின் எச்சமே இக்கட்டுரை.

தமிழில் 'கடல்கோள்' என்ற சொல் வெகு வசதியானது. புயலால் எழும் வெள்ளம், நிலநடுக்கத்தால் எழும் பேரலை, கரை அரிப்பு, நிலம் தாழ்தல், கடல் மட்டமே உயர்தல் ஆகிய அனைத்தையும் அது தன்னுள் அடக்கிக்கொள்ளும். ஆனால் இவை சில நிமிடங்களில் நிகழ்வது முதல் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்வது வரை வேகத்தால் வேறுபட்டவை. வேகத்தைக் கணக்கில் கொள்ளாமல் கடல்கோளைப் பேசியதால்தான் நம் வரலாற்றெழுத்தில் பல குழப்பங்கள் நேர்ந்தன என்பது எங்கள் துணிபு.

நம் நூல்கள் என்ன கூறுகின்றன என்பதை முதலில் நோக்குவோம். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சொல்கிறது. காரணமும் சொல்கிறது: பாண்டியன் கடல்மீது வேலெறிந்தான், அப்பகையைக் கடல் பொறுக்கவில்லை. கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடலொன்று, கடல் தன் நிலத்தைக் கவர்ந்தபோது தளராத பாண்டியன் சேர சோழரின் நிலத்தை வென்று ஈடு செய்துகொண்டதைப் புகழ்கிறது. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களின் கதையைத் தருகிறது. முதற்சங்கம் 4,440 ஆண்டுகள், இடைச்சங்கம் 3,700 ஆண்டுகள், கடைச்சங்கம் 1,850 ஆண்டுகள். முதலிரு சங்கங்கள் இருந்த தென்மதுரையும் கபாடபுரமும் கடலுக்கு இரையாயின. மூன்று எண்களையும் கூட்டினால் 9,990 வருகிறது. முப்பத்தேழால் மூன்றுமே மீதியின்றி வகுபடும். இவ்வளவு ஒழுங்கான எண்களை வரலாறு பொதுவாகத் தருவதில்லை. அடியார்க்கு நல்லார் இன்னும் ஒரு படி மேலே சென்று, பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே எழுநூற்றுக் காவதம் என்றும், அங்கே ஏழ்தெங்க நாடு முதல் ஏழ்குறும்பனை நாடு வரை நாற்பத்தொன்பது நாடுகள் என்றும் விரிக்கிறார். இன்றும் மேடைகளில் முழங்கப்படுவது இந்த உரைகாரர் கூற்றே. இளங்கோவடிகள் ஓர் ஆறும் ஒரு மலையும் மட்டுமே சொன்னார்.

மணிமேகலையில் வரும் கடல்கோள் நமக்கு மிகவும் பிடித்தமானது. நாககன்னி பீலிவளை பெற்ற மகனைச் சுமந்து வந்த கலம் கவிழ்கிறது. மகனைத் தேடித் துயரில் ஆழ்ந்த சோழன் இந்திர விழா எடுக்க மறக்கிறான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் புகார் நகரம் கடல்வயப்படுகிறது. ஒரு தந்தையின் மறதிக்கு ஒரு நகரம் விலை. கடலுக்கு அப்பால் மகாவம்சத்திலும் இதே போன்றதொரு கதை உண்டு: களனியை ஆண்ட திஸ்ஸன் குற்றமற்ற துறவியொருவரைக் கொன்றான், கடல் பொங்கிற்று, அதைத் தணிவிக்க அரசன் தன் மகளைப் படகில் ஏற்றி அனுப்பினான். அவளே பின்னாளில் துட்டகைமுனுவின் தாயானாள்.

வேலெறிந்த செருக்கு, விழா மறந்த துயரம், துறவிக்கு இழைத்த அநீதி. மூன்று நூல்களிலும் கடல் தானாக வருவதில்லை, அரசனின் பிழை அதை அழைத்து வருகிறது. அதோடு மூன்றிலும் கடல் திடீரென வருகிறது. ஒரு நகரமோ நாடோ கண்முன்னே அழிகிறது. புயலையும் பேரலையையும் கண்ட கடற்கரை மக்களின் நினைவு இக்கதைகளில் படிந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி அழிந்ததும், பயணிகளோடு ரயில் கடலில் போனதும் சங்ககாலத்தில் நடந்திருந்தால், அதற்கும் ஓர் அரசனின் பிழை காரணமாகச் சொல்லப்பட்டிருக்கும்.

இனி இலெமூரியா. இதை விரைவாகக் கடந்துவிட விரும்புகிறோம், ஏனெனில் இணையத்தில் இதைப்பற்றி எழுதியோர் ஏராளம். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் குரங்கினத்தையொத்தவை இந்தியப் பகுதியிலும் காணப்படுவதேன் என்று வியந்து, இடையே ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கலாம் என ஊகித்தார். அதற்கு அவர் இட்ட பெயரே இலெமூரியா. கண்டங்கள் நகர்கின்றன என்பது அன்று தெரியாது. வெகெனர் 1912இல் அதை முன்வைத்தார். 1960களில் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றதும் இலெமூரியாவுக்குத் தேவையே இல்லாமற்போயிற்று. இடைப்பட்ட காலத்தில் அது நம்மிடம் வந்து உரைகாரரின் எழுநூற்றுக் காவதத்தோடு கலந்துவிட்டது. அடிமைப்பட்டிருந்த ஒரு சமூகம் தன் தொன்மையைத் தேடிய காலத்தில் அது நிகழ்ந்தது. நம் முன்னோரை அதற்காக எள்ளி நகையாடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆயினும் நிலவியலாளர் சு. கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' என்ற நூலில் தமிழிலேயே இதை ஆராய்ந்து, கண்டம் ஏதும் மூழ்கவில்லை, குமரிமுனைக்குத் தெற்கே நிலம் ஓரளவு நீண்டிருந்ததே உண்மை என்று விளக்கிய பின்னரும், பழைய வரைபடங்கள் மின்னஞ்சலில் சுற்றிக்கொண்டிருந்தது வருத்தந்தருவது.

வருத்தத்துக்குக் காரணம், உண்மை அந்தக் கற்பனையைவிட வியப்பானது என்பதே. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அந்நீரெல்லாம் வட அமெரிக்காவின் மீதும் வட ஐரோப்பாவின் மீதும் கிலோமீட்டர்க் கணக்கில் தடித்த பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தது. இன்றைய பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழங்கூட இல்லாதது. அன்று அது நிலம். தமிழகத்திலிருந்து ஈழத்துக்கு ஒருவர் கால் நனையாமல் நடந்து போயிருக்க முடியும். பாலம் கட்டவோ வானரப்படை திரட்டவோ வேண்டியிருந்திருக்காது.

புவியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் நெடுங்காலச் சுழற்சியில் ஏற்படும் சிறு மாறுதல்களால் வடபுலக் கோடையின் வெயில் கூடியது. பனி உருகத் தொடங்கிற்று. அடுத்த பதின்மூவாயிரம் ஆண்டுகளில் கடல் 120 மீட்டரளவு ஏறியது. கணக்கிட்டால் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே சீராக ஏறவுமில்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன், சில நூற்றாண்டுகளுக்குள் 12 முதல் 20 மீட்டர் வரை ஏறியது. ஆழமற்ற நீரில் மட்டுமே வளரும் பவளங்கள் பார்பெடாஸ் தீவருகே கடலடியில் பல ஆழங்களில் புதைந்திருப்பதைத் துளையிட்டெடுத்து, அவற்றின் வயதைக் கணித்து, இவ்வேற்றத்தின் வரைகோட்டை 1989இல் வெளியிட்டார்கள். எந்தப் புலவனும் எழுதாத கடல்கோளைப் பவளம் எழுதி வைத்திருந்தது.

இந்த ஏற்றத்தைக் கண்டவர்களின் நினைவு வாய்மொழியாகத் தொடர்ந்து சங்கப் பாடலில் வந்து சேர்ந்திருக்குமா? ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் கதைகளில் அத்தகைய நினைவு ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பதாக அண்மைக்கால ஆய்வாளர் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். கேட்க இனிமையான கருத்து. ஆனால் நம் மூன்று சங்கக் கதை நமக்குக் கிடைப்பது 8ஆம் நூற்றாண்டையொட்டிய ஓர் உரையில். இடையே உள்ள ஆயிரக்கணக்கான ஆண்டுகளை ஆசையால் மட்டும் நிரப்ப இயலாது.

இவ்விடத்தில் நாங்கள் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. சுமார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதன் பிறகு கடல் வெகு சிறிய அளவிலேயே ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. கடல் நின்ற பிறகே ஆறுகள் தம் வண்டலை ஒரே இடத்தில் கொட்டிச் சமவெளிகளை வளர்க்க முடிந்தது. நைல், கங்கை, காவிரி என உலகின் பெரும் கழிமுகங்கள் உருப்பெற்றது அக்காலத்தில்தான். பட்டினப்பாலை பாடும் புகாரும், அதன் பண்டசாலைகளும், புலிப்பொறி பதித்த பொதிகளும் நிலைகொண்ட ஒரு கடலின் கொடை. சங்க இலக்கியத்தின் நெய்தல் திணை முழுவதுமே அந்த அமைதிக்காலத்துக்குள் அடங்குகிறது.

அப்படியானால் புகாரைக் கொண்டது எது? கடல் மட்ட உயர்வன்று என்று துணிந்து கூறலாம். இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒரு நகரை மூழ்கடிக்கும் அளவுக்குக் கடல் உயரவேயில்லை. பூம்புகாருக்கு எதிரே கடலில் 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவில் ஓர் அமைப்பு இருப்பதை 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்தபோது பெரும் பரபரப்பு எழுந்தது. அது மனிதர் கட்டியதுதானா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. கட்டியதே என்று கொண்டாலும், அவ்விடம் நிலமாக இருந்தது பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன். கரிகாலனுக்கும் அதற்கும் தொடர்பிருக்க முடியாது. மாறாக, 1960களில் கீழையூரில் தொல்லியல் துறையினர் அகழ்ந்த செங்கல் படகுத்துறை, நடப்பட்ட மரத்தறியோடு, கரைக்கு உள்ளே நிலத்தில் கிடைத்தது. அம்மரத்தின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டையொட்டியது. நகரின் ஒரு பகுதியைக் கடல் அரித்தது. இன்னொரு பகுதியை ஆறு தன் வண்டலால் மூடியது. காவிரி தன் முகத்தை மாற்றிக்கொண்டதும், கழிமுக நிலம் தன் எடையால் மெல்லத் தாழ்ந்ததும், புயல்கள் தாக்கியதும் சேர்ந்து செய்த வேலை அது என்றே கொள்ளத் தோன்றுகிறது. சோழனின் மறதியைப் போல ஒற்றைக் காரணம் இதற்கு இல்லை. காப்பியத்துக்கு இது போதாது, வரலாற்றுக்குப் போதும்.

தரங்கம்பாடிக் கோயிலும் பெரும்பாலும் இவ்வகையே. ஆக, நண்பர்கள் மூவரில் முதலாமவரே உண்மைக்குச் சற்று அருகில் இருந்தார், அவர் எண்ணிய பொருளில் அல்லாவிடினும்.

ஆனால் இரண்டாமவரை நாங்கள் தள்ளிவிட இயலாது. ஏழாயிரம் ஆண்டு அமைதி நம் காலத்தில் கலைந்துகொண்டிருக்கிறது. ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே, சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்றொரு குறிப்பு இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். மலையின் உயரமும் ஊரின் உயரமும் அளக்கப்படுவது கடலிலிருந்து. இந்தியாவுக்கான அந்த அடிப்படை, கராச்சி முதல் ஒரிசாக் கரை வரை ஒன்பது துறைகளில் அலையேற்றத்தைப் பல்லாண்டுகள் அளந்து 1909ஐ ஒட்டி வகுக்கப்பட்டது. சென்னையும் நாகப்பட்டினமும் அவ்வொன்பதில் அடங்கும். மாறாதது என்று கருதியே கடலை அளவுகோலாகக் கொண்டார்கள்.

அது மாறியிருக்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையே உலகச் சராசரிக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006க்குப் பின் 3.7 மில்லிமீட்டரானது. இந்தியத் துறைமுகங்களின் நீண்டகாலப் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த கணக்கு, நம் கரைகளில் 20ஆம் நூற்றாண்டின் ஏற்றம் ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் என்றது. 1993 முதல் செயற்கைக்கோள்களும் அளந்து வருகின்றன.

காரணங்களுள் முதன்மையானது பலர் எண்ணுவதுபோலப் பனி உருகுதல் அன்று. வெப்பத்தில் நீர் விரிகிறது, அவ்வளவே. காற்று மண்டலத்தில் சேரும் மிகை வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலானதைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது. 1971 முதல் 2018 வரையிலான உயர்வில் பாதி இந்த விரிவால் நேர்ந்தது. மலைப்பனியாறுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தந்தன. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிப்பாளங்கள் மற்றோர் ஐந்தில் ஒரு பங்கு. இவற்றின் பங்கு இப்போது விரைந்து கூடிவருகிறது. நிலத்தடியிலிருந்து நாம் இறைத்துக் கொட்டும் நீரும் ஒரு சிறு பங்கை வகிக்கிறது. வடதுருவக் கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல் ஏறாது. மோர்க்குவளையில் மிதக்கும் பனிக்கட்டி கரைவதால் மோர் வழிவதில்லை. நிலத்தின்மீது கிடக்கும் பனியே கணக்கு. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. கிரீன்லாந்தின் பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. அது கரையக் கரைய அதனருகே கடல் தாழும். தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கரைகளில் சராசரியினும் மிகுதியாக ஏறும்.

கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் என்பதை ஜான் டிண்டல் 1859இல் தொடங்கிய சோதனைகளில் காட்டினார். அவ்வாயு இரட்டித்தால் புவி எவ்வளவு வெப்பமடையும் என்று ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1896இல் கையாலேயே கணக்கிட்டார். தெரியாமல் நேர்ந்தது என்று சொல்ல வழியில்லை.

பிழை மனிதனுடையது என்ற அளவில் நம் காப்பியங்களும் அறிவியலும் ஒன்றுபடுகின்றன. ஆனால் காப்பியத்தில் பிழை செய்தவனும் தண்டனை பெற்றவர்களும் ஒரே ஊரினர். விழாவை மறந்தவன் புகாரின் மன்னன், மூழ்கியது புகார். இன்று நிலக்கரி எரிந்த இடம் ஒன்று, உப்புநீர் ஏறும் கிணறு வேறொன்று. எரித்த தலைமுறை வேறு, கரையை இழக்கும் தலைமுறை வேறு. ஓர் அறநூலின் தர்க்கத்துக்குள் இதை அடக்கிவிட முடியவில்லை.

விளைவுகளும் காப்பியத்தில் உள்ளவை போன்றவை அல்ல. நகரம் ஒரே நாளில் மூழ்குவதில்லை. முதலில் நிலத்தடியில் உப்பு ஏறுகிறது. கடைமடை வயலில் நாற்று கருகுகிறது. பழைய அளவிலான புயலே பழையதினும் அதிகத் தொலைவு உள்ளே வருகிறது. காவிரிக் கழிமுகம் போன்ற மென்சரிவான கரையில் கடல் ஓரடி மேலேறினால் பக்கவாட்டில் பல பத்தடி உள்ளேறும். கழிமுக நிலம் இயல்பாகவே தாழ்ந்துகொண்டிருப்பது. ஆண்டுதோறும் வரும் வண்டலே அத்தாழ்வை ஈடுசெய்யும். 1934இல் மேட்டூர் அணை எழுந்ததும் வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தில் தங்கிவிட்டது. அணை வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடல் ஏறுவதும் நிலம் தாழ்வதும் கரையில் நிற்பவருக்கு ஒன்றே என்பதைச் சொல்கிறோம். சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த பின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து விரிந்ததும், வடக்கே இராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதே வகையில் மனிதர் கடலுக்கு உதவிய கதைதான். அதைப் பின்னொரு சமயம் தனியே எழுதும் எண்ணமுண்டு.

இந்நூற்றாண்டின் முடிவில் கடல் இன்னும் எவ்வளவு ஏறும் என்பது நாம் எரிப்பதைப் பொறுத்தது. 2021இல் வெளிவந்த பன்னாட்டு அறிக்கை, மிகக் குறைவாக எரித்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், மிக அதிகமாக எரித்தால் 63 முதல் 101 சென்டிமீட்டர் என மதிப்பிடுகிறது. பனிப்பாளங்கள் எதிர்பாராது நொறுங்கினால் இதற்கும் மேலே போகலாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. பனியுகத்தின் சராசரியைவிட இன்றைய வேகம் குறைவே என்று சிலர் ஆறுதல் கொள்வதைக் கண்டிருக்கிறோம். கணக்கு சரிதான். ஆனால் அன்று கடல் ஏறியபோது மனிதன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஒரு நாள் நடைக்கு அப்பால் போனான். அவனுக்குப் பட்டா நிலமும் படகுத்துறையும் அனல்மின் நிலையமும் இல்லை.

மெல்ல வரும் கடல்கோளுக்கு நம் இலக்கியத்தில் இடமில்லை என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். பவளப்பார்கள் அவற்றைச் சூழ்ந்து அலையின் வேகத்தை உடைத்து வந்தன. அந்தப் பார்களைப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். 1986இல் அப்பகுதி தேசியப் பூங்காவானது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் அரண் இழந்த தீவுகளைக் கடல் தின்னத் தொடங்கியிருந்தது. மட்ட உயர்வு மட்டும் அதைச் செய்யவில்லை. பாரைப் பெயர்த்த கடப்பாரையும் கூடவே இருந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு தேய்ந்துபோனபின், 2015ஆம் ஆண்டிலிருந்து அதன் முன்னே சிமெந்தால் செய்த செயற்கைப் பார்களை இறக்கி அதைக் காக்க முயன்று வருகிறார்கள்.

விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற மற்ற இரு தீவுகள் முற்றிலும் நீருக்குள் போய்விட்டன. எழுத்தில் இன்னும் 21 தீவுகள் என்றே கணக்கிடுகிறார்கள்.